அப்பா பேச வந்த இடம்

2019-ல் அண்ணனுக்குக் கல்யாணம். 2021-ல் அப்பா போய்விட்டார். அவர் நடமாடுவதும் பேசுவதுமாக எங்களிடம் மிச்சமிருப்பது அந்தக் கல்யாண வீடியோ ஒன்றுதான்.

சின்ன போனில் பார்த்தால் அம்மாவுக்குக் கண் வலிக்கும். அதனால் போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, அண்ணனின் பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் என்ற இலவச மீடியா சர்வரைப் போட்டேன். வீடியோவை அதில் வைத்துவிட்டால், வீட்டு வைஃபை வழியாக டிவியில் செருகியிருக்கும் ஸ்டிக்கில் பார்க்கலாம்.

ஓடியது. ஆனால் பந்தியில் அப்பா ஒவ்வொரு இலைப் பக்கமும் குனிந்து விசாரிக்கும் இடத்தில் நின்றுபோய், வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"இப்பதான்டி பேச வந்தார்" என்றார் அம்மா.

"நெட் ஸ்லோம்மா" என்று சமாளித்தேன். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவள் சொல்லக்கூடாத பொய். வீட்டுக்குள்ளேயே ஓடும் வீடியோவுக்கு இன்டர்நெட் வேகம் எதற்கு?

குவாலிட்டியை 720-க்குக் குறைத்தேன். முன்பைவிட மோசமாகத் திணறியது. என் போனில் மட்டும் அதே வீடியோ அழகாக ஓடியது.

சர்வரின் டாஷ்போர்டைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வீடியோ 4கே, 50 ஜிபிக்கு மேல். எங்கள் ஸ்டிக் 1080 வரைதான் காட்டும். அதனால் லேப்டாப், ஓட ஓட வீடியோவை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. இதற்குப் பெயர் டிரான்ஸ்கோடிங். நான் குவாலிட்டியைக் குறைத்ததும் அதே வேலையைத்தான் கேட்டது. போனோ 4கே கோப்பை அப்படியே வாங்கி ஓட்டிவிட்டது. அதுதான் டைரக்ட் பிளே.

அம்மாவிடம் இதை விளக்கினேன். "இட்லிக்கு மாவை முதல் நாளே அரைச்சு வைக்கணும். ஆள் இலையில உட்கார்ந்தப்புறமா அரைப்பாங்க?" என்றார்.

அதையேதான் செய்தேன். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில், எந்த ஸ்டிக்கும் ஏற்கும் ஹெச்.264 வடிவத்தில் 1080 பிரதி ஒன்று எடுக்க வைத்துவிட்டுத் தூங்கினேன். விடிய விடிய ஓடி, காலையில் 7 ஜிபி சொச்சத்தில் தயாராக இருந்தது. மூலக் கோப்பைத் தொடவில்லை. அது தனி ஹார்டு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. ஆப்பில் குவாலிட்டியை 'ஆட்டோ'வுக்கே திருப்பினேன். ஸ்டிக்கை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். டாஷ்போர்டில் 'டைரக்ட் பிளே' என்று வந்தது. லேப்டாப் ஃபேன் சத்தம்கூட இல்லை.

உங்கள் வீட்டு டிவியிலும் வட்டம் சுற்றினால், குவாலிட்டியைக் குறைப்பதற்கு முன்னால் சர்வர் என்ன வேலை செய்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

பந்தி வந்தது. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லட்டுமா?" என்று அப்பா யாரையோ கேட்டார். வீடியோ அங்கே மறுபடியும் நின்றது. பதறித் திரும்பினேன்.

ரிமோட் அம்மா கையில் இருந்தது.