கையில் இரண்டு வயர்

பன்னிரண்டு வயதில் பெரியப்பாவோடு நான் போட்ட முதல் சண்டை, ஒரு டிவி தொடரில் வந்த இரண்டு வயர்களைப் பற்றியது.

2008, ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை. இங்கிலாந்தில் படித்து முடித்து வந்த அக்கா ‘டாக்டர் ஹூ’ டிவிடிகள் சிலவற்றைக் கொண்டு வந்திருந்தார். அதில் ஒன்று ‘ஜெனிஸிஸ் ஆஃப் த டாலெக்ஸ்’. டெரி நேஷன் எழுதியது. 1975 மார்ச், ஏப்ரலில் பிபிசி ஆறு வாரம் ஒளிபரப்பியது. பெரியப்பா செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். விண்வெளிக் கதையெல்லாம் அவருக்கு ஆகாது. பையன் ஒண்டியாகப் பார்க்கிறானே என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

கதை ஸ்காரோ என்ற கிரகத்தில் நடக்கிறது. காலெட், தால் என்று இரண்டு இனங்கள் ஆயிரம் வருடமாகப் போர் செய்கின்றன. நவீன ஆயுதங்கள் தீர்ந்துபோய் பதுங்குகுழி, பழைய துப்பாக்கி என்று இறங்கி வந்துவிட்டார்கள். காலெட்களின் தலைமை விஞ்ஞானி டாவ்ரோஸ், உடம்பு சிதைந்து நாற்காலியோடு நாற்காலியாக வாழ்கிறவன். ரசாயன ஆயுதங்களால் தன் இனமே உருமாறப் போகிறது என்று அவனுக்குத் தெரியும். அந்த உருமாறிய உயிரை உள்ளே வைத்துக்கொண்டு நகர ஓர் இயந்திரம் செய்கிறான். அதுதான் டாலெக். பின்னாளில் பிரபஞ்சத்தையே நடுங்க வைக்கப் போகிற ஜந்து. அது பிறக்காமல் தடுக்கச் சொல்லி டாக்டரைக் காலத்தில் பின்னால் அனுப்புகிறார்கள்.

டாலெக் கருக்கள் வளரும் அறையில் வெடி வைத்துவிட்டு டாக்டர் வெளியே வருகிறார். கையில் இரண்டு வயர். நுனிகளைச் சேர்த்தால் முடிந்தது. சேர்க்க மாட்டேங்கிறார். ஓர் இனத்தையே அழித்தால் நானும் டாலெக்கும் ஒன்றாகிவிட மாட்டோமா? இவற்றுக்குப் பயந்துதானே பல உலகங்கள் பகையை மறந்து ஒன்று சேரப் போகின்றன? கூட இருக்கும் சாரா, சேர்த்துவிடு என்று கெஞ்சுகிறாள். அவர் அப்படியே நிற்கிறார்.

“சேக்க வேண்டியதுதானே பெரியப்பா? பயந்தாங்கொள்ளி!”

“கையில வயரோட நிக்கிறவன் யோசிச்சா தப்பில்லடா. யோசிக்காம சேக்கிறவனத்தான் நான் வேலைக்கு வச்சிக்க மாட்டேன்.”

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இந்த வருடம் அதே கதையை மறுபடி பார்த்தேன். இப்போது எனக்கு இருபத்தெட்டு. யுடிஎம்மில் மின்னியல் படித்துவிட்டு, வடக்கே ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். வாடகை அறையில், லேப்டாப்பில், இரண்டு இரவுகளில் ஆறு பகுதியும் முடிந்தது. ஹாரியின் காலைக் கவ்வும் ராட்சதச் சிப்பியைப் பார்த்து இப்போதும் சிரிப்பு வந்தது. டாம் பேக்கரின் கண்கள் இப்போதும் என்னமோ செய்தன. டாவ்ரோஸாக வரும் மைக்கேல் விஷர், முகமூடிக்குப் பின்னால் இருந்துகொண்டு வெறும் குரலையும் ஒரு கையையும் வைத்தே மிரட்டுகிறார்.

ஆனால் இந்த முறை என் கண் டாக்டர் மேல் நிற்கவில்லை. பன்னிரண்டு வயதில் நான் கவனிக்கவே கவனிக்காத ஒருத்தன் மேல் போய் நின்றது. பெயர் கார்மன். டாவ்ரோஸின் கீழே வேலை பார்க்கும் விஞ்ஞானி.

டாவ்ரோஸ் அவனிடம் டாலெக்கின் மரபணு வடிவமைப்பில் சில மாற்றங்கள் செய்யச் சொல்கிறான். கார்மன் பார்த்துவிட்டுப் பதறுகிறான். இப்படிச் செய்தால் மனசாட்சி இருக்காதே, இரக்கம் இருக்காதே, நல்லது கெட்டது தெரியாதே என்கிறான். ஆமாம், அதுதான் வேண்டும், கேள்வி கேட்காமல் செய் என்று பதில் வருகிறது. காட்சி அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இருக்காது. இசை இல்லை, வயர் இல்லை, தத்துவம் இல்லை. வேலை நடக்கிறது.

அந்த இடத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். அந்தக் காட்சி எனக்குத் தெரிந்த காட்சி.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழைய பிரஸ் மெஷின். முன்னால் ஒரு கதவு. கதவைத் திறந்தால் மெஷின் நிற்க வேண்டும், அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. அது தேய்ந்துபோய், கதவு மூடியிருக்கும்போதே மெஷின் நின்று நின்று போனது. புது சுவிட்ச் வர இரண்டு வாரம் ஆகும். ஆர்டர் நிற்கிறது, அதுவரைக்கும் பைபாஸ் பண்ணிவிடு என்று மேலே இருந்து சொன்னார்கள். “கதவைத் திறந்தாலும் ஓடுமே?” என்று ஒரே ஒருமுறை கேட்டேன். “ஆப்பரேட்டர்களிடம் சொல்லிவிடலாம்” என்றார்கள்.

பேனலைத் திறந்தேன். ஒரு துண்டு வயர், இரண்டு டெர்மினல், ஒரு ஸ்க்ரூடிரைவர். நாலு நிமிடம். மெஷினைப் பொறுத்தவரை இனி அந்தக் கதவு எப்போதும் மூடியேதான் இருக்கும்.

ஐந்தாம் நாள் இரவு ஷிப்டில், நேப்பாளத்துத் தம்பி ஒருவன் சிக்கிய பொருளை எடுக்கக் கதவைத் திறந்து கை விட்டிருக்கிறான். பிரஸ் இறங்கியது. கையை இழுத்துவிட்டான், கையுறை மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. மறுநாள் காலை அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி, “போஸ், மெசின் சுடா கிலா” என்று சிரித்தான். விரல் இருக்க வேண்டிய இடம் தகடாக இருந்தது. மெஷினுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, நான் சொன்னதைத்தான் அது செய்தது என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றே வயரைக் கழற்றினேன். மறுபடி போடச் சொன்னார்கள். போடுகிறேன், எழுத்தில் தாருங்கள் என்று ஈமெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. புது சுவிட்ச் வரும்வரை மெஷின் நின்று நின்றுதான் ஓடியது. திட்டு வாங்கினேன். அதைத் தாண்டி ஒன்றும் ஆகவில்லை. இதை வீரம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கையுறையைப் பார்க்காமல் இருந்திருந்தால் கழற்றியிருப்பேனா?

இரண்டாம் நாள் இரவு மீதியைப் பார்த்தேன். கார்மனும் பிறகு எதிர்த்து நிற்கிறான், ஆட்களைத் திரட்டுகிறான். டாக்டர் வயரோடு நிற்கும்போது ஓடிவந்து, டாவ்ரோஸ் நம் நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டான், கூட்டம் போடலாம் என்று சொல்வதே அவன்தான். டாக்டர் நிம்மதியோடு வயர்களைப் பிடுங்கிப் போடுகிறார். கூட்டத்தில் பெரும்பாலானோர் கார்மன் பக்கம் நிற்கிறார்கள். டாவ்ரோஸுக்குத் தேவைப்பட்டது அந்த அவகாசம் மட்டும்தான். டாலெக்குகள் உள்ளே வந்து அவர்களைச் சுட்டுத் தள்ளுகின்றன. அப்புறம் டாவ்ரோஸின் விசுவாசிகளையும் விடவில்லை. இவர்கள் மேல் இரக்கம் காட்டு என்று டாவ்ரோஸே கேட்கிறான். அந்த வார்த்தை தன் சொல் வங்கியில் இல்லை என்கிறது இயந்திரம்.

அந்த வார்த்தை எப்படி இல்லாமல் போனது? அன்றைக்குக் கார்மன் கையில் போன வேலை அதுதான். அவன் கெட்டவன் இல்லை. சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டான். ஆனால் பதில் வந்ததும் வேலையைத் தொடர்ந்தான். டாக்டருக்காவது வயரைச் சேர்க்கும் முன் நின்று யோசிக்க ஒரு காட்சி கிடைத்தது. கார்மனுக்கும் எனக்கும் வந்தது சாதாரண வேலை நாள்.

கடைசியில் அந்த வெடியைப் பற்ற வைப்பதும் டாக்டர் இல்லை. வயர் நுனிகள் மேல் ஒரு டாலெக்கே ஏறிப்போய், தானே சர்க்யூட்டை மூடுகிறது. அத்தனை யோசனையும் வீணா? பன்னிரண்டு வயதில் அப்படித்தான் கத்தினேன்.

பார்த்து முடித்ததும் பெரியப்பாவுக்கு போன் பண்ணினேன். டாக்டர், டாலெக் எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. பிரஸ் மெஷின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“புது சுவிட்ச் மாட்டியாச்சா?”

“மாட்டியாச்சு பெரியப்பா.”

“நீயே கதவத் தெறந்து பாத்தியா?”

“பாத்தேன்.”

“நின்னுச்சா?”

“நின்னுச்சு.”