'தொடாதீர்கள்' என்று நாங்கள் ஒட்டி வைத்த கணினி



போன வாரம் எங்கள் படிப்பகத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை இந்த முறை எழுதுகிறோம். பழைய கணினி ஒன்றைப் பற்றியது. படிப்பகம் நடத்தும் மற்ற ஊர்த் தோழர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறோம். எங்கள் தவறு ஒன்றையும் இதில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எங்கள் சேரியைச் சேர்ந்த ஒரு அண்ணனுக்குக் கல்லூரியில் கிடைத்தது. வேலைக்குப் போனதும் படிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். பின்னர் ராம் கொஞ்சம் கூட்டி 4 ஜிபி ஆக்கினோம், விண்டோஸ் 10 போட்டோம். பேட்டரி செத்துப் பல காலம் ஆகிறது. கரண்ட் ஒரு நொடி போய் வந்தால்கூட அணைந்துவிடும். மறுபடி முழுதாக எழுந்து நிற்கப் பன்னிரண்டு நிமிடம். பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவது எங்கள் வழக்கமாகவே ஆகிவிட்டது.

இதை வைத்துத்தான் தகவல் உரிமைச் சட்ட மனு எழுதுகிறோம். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளுக்கு மனு அடிக்கிறோம். பிள்ளைகளின் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் விண்ணப்பமும் இதில்தான். வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கும்போது கணினி திணறி நின்றால், தளம் நம்மை வெளியே தள்ளிவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"ஊருக்குள்ளே பிரவுசிங் சென்டர் இருக்கிறதே, அங்கே போகலாமே" என்று கேட்கலாம். போகலாம்தான். அங்கே உட்கார்ந்திருப்பவர் சாதிச் சான்றிதழைக் கையில் வாங்கி, உரக்கப் படித்து, "நீ எந்தத் தெரு பாப்பா?" என்று கேட்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். ஸ்கேன் செய்த ஆதாரும் சான்றிதழும் அந்தக் கணினியின் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும். "இனிமே அங்க போமாட்டேண்ணா" என்று போன வருடம் ஒரு தங்கை சொன்னாள். அதனால் எங்கள் பழைய பெட்டி ஓடியே ஆக வேண்டும்.

டவுனில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனோம். திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் தேறாது. புதுசு வாங்கிக்குங்க" என்றார். முப்பதாயிரத்துக்கு எங்கே போவது? திரும்ப எடுத்து வந்தோம்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிய மாலை. ஏழு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. அதே தங்கை, இப்போது பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, "அண்ணா, நான் ஒருவாட்டி பாக்கட்டுமா?" என்றாள். பழக்க தோஷத்தில், "வேணாம்மா, எதையாவது தொட்டுக் கெடுத்துடுவ" என்றோம். அவள் எங்களைப் பார்த்தாள். பிறகு கணினி மூடியைப் பார்த்தாள். 'அனுமதியின்றித் தொடாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதி, நாங்களேதான் ஐந்து வருடத்துக்கு முன்பு அதில் ஒட்டி வைத்திருந்தோம்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை அவளிடம் தள்ளினோம்.

அவள் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினாள். டாஸ்க் மேனேஜர் திறந்தது. 'மோர் டீடெயில்ஸ்' என்பதைத் தட்டி, மேலே 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதிக்குப் போனாள். கணினி எழும்போது தானாகவே கூட எழுந்துகொள்ளும் புரோகிராம்களின் பட்டியல் அது. பதினான்கு பெயர்கள் இருந்தன. டாரன்ட் ஒன்று. வீடியோ மீட்டிங் இரண்டு. யாரோ ஒரு தம்பி எப்போதோ ஏற்றிய கேம். ஒரே ஒரு நாள் பிடிஎஃப் மாற்றுவதற்காகப் போட்ட புரோகிராம். மூன்று வருடத்துக்கு முன்பே பழைய இரும்புக்குப் போட்ட பிரிண்டருக்கு அப்டேட் தேடும் புரோகிராமும் தினமும் காலையில் எழுந்துகொண்டிருந்தது.

"இது கெட்டுப் போகலண்ணா. நாமதான் கேக்காம எல்லாத்தையும் உள்ள விட்டிருக்கோம்" என்றாள்.

எப்படி உள்ளே வந்தன? எதை இன்ஸ்டால் செய்தாலும் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போகிறோம். 'கணினி தொடங்கும்போது நானும் தொடங்குகிறேன்' என்ற பெட்டியில் அவர்களே டிக் போட்டு வைத்திருப்பார்கள். சில புரோகிராம்கள் அதைக்கூடக் கேட்பதில்லை.

ஏன் வேகம் குறைகிறது? பழைய கணினியில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். படிக்கும் முள் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் படிக்க முடியும். பதினான்கு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் அங்கும் இங்கும் அலைந்தபடியே இருக்கும். ராம் நிரம்பிவிட்டால், மிச்சத்தை அதே டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து எடுக்கும். நமக்கு வேண்டிய பிரவுசர் வரிசையின் கடைசியில் நிற்கும்.

அவள் செய்ததை வரிசையாகச் சொல்கிறோம்.

1. பட்டியலில் 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்ற பத்தியைப் பாருங்கள். தொடங்கும்போது பிராசசரில் 1 விநாடிக்கு மேலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேலோ எடுத்துக்கொள்ளும் புரோகிராமுக்கு 'ஹை' என்று போட்டிருக்கும். முதலில் அவற்றைக் கவனியுங்கள்.

2. நிறுத்த வேண்டிய பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். இதனால் புரோகிராம் அழிந்துவிடாது, தானாக எழுவது மட்டும்தான் நிற்கும். வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். மனம் மாறினால் அதே இடத்தில் 'எனேபிள்' இருக்கிறது. பயம் வேண்டாம்.

3. பெயர் புரியவில்லை என்றால் அதே ரைட் கிளிக்கில் 'சர்ச் ஆன்லைன்' இருக்கும். யார் வெளியிட்டது, எதற்கு என்று பார்த்த பிறகு முடிவு எடுங்கள்.

4. ஆன்டிவைரஸ், சவுண்ட், டச்பேட் சம்பந்தப்பட்டவற்றை விட்டுவிடுங்கள்.

5. எப்போதும் தேவைப்படாததை கண்ட்ரோல் பேனலுக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். இறந்துபோன பிரிண்டரை நாங்கள் அப்படித்தான் வழியனுப்பினோம்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு டாஸ்க் மேனேஜரில் இந்தப் பகுதி இருக்காது. விண்டோஸ் பட்டனோடு 'ஆர்' அழுத்தி, வரும் பெட்டியில் 'எம்எஸ்கான்ஃபிக்' என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் அதே பட்டியல் வேறு வடிவத்தில் வரும். அங்கே 'சர்வீசஸ்' என்ற பகுதியும் இருக்கிறது. தெரியாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

அணைத்துப் போட்டோம். நான்கு நிமிடத்துக்குள் எழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். இரவு பத்தரைக்குள் ஏழு விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தன.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் ஞாயிறு. மயானப் பாதையை அடைத்து வேலி போட்டிருப்பது பற்றித் திங்கள்கிழமை கலெக்டரிடம் கொடுக்க வேண்டிய மனுவை அடிக்க உட்கார்ந்தோம். தமிழ் வரவில்லை. எந்தக் கீயை அழுத்தினாலும் ஆங்கிலம்தான். சேரிப் பெரியவர்கள் கையெழுத்துப் போட வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "அதான் அப்பவே சொன்னோம், தொடாதேன்னு" என்று எங்களில் ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். தங்கையின் முகம் வாடிப்போனது.

ஆனால் அவள் எழுந்து போகவில்லை. பட்டியலை மறுபடி திறந்தாள். முந்தைய நாள் அவசரத்தில், பெயர் புரியாத ஒன்றையும் சேர்த்து நிறுத்தியிருந்தாள். அது இ-கலப்பை. நாங்கள் தமிழ் அடிக்கும் புரோகிராம். கணினியோடு சேர்ந்து எழுந்து மூலையில் அமைதியாக இருப்பதால், அப்படி ஒன்று இருப்பதே எங்கள் பலருக்குத் தெரியாது. கணினிக்குத் தமிழ் இயல்பாகவே தெரியும் என்று நினைத்திருந்தோம். 'எனேபிள்' கொடுத்து, அணைத்துப் போட்டாள். தமிழ் வந்தது. மொத்தம் ஐந்து நிமிட வேலை. மனு அடித்து முடித்தோம், பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று மாலை உட்கார்ந்து பேசினோம். அவள் செய்த தவறு, கேட்காமல் ஒன்றை நிறுத்தியது. அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. நாங்கள் செய்த தவறு ஐந்து வருடம் நீடித்தது. தொடாதே என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். டீக்கடையில் கேட்டோம், குழாயடியில் கேட்டோம். அதே சொல்லை எங்கள் பிள்ளைகளிடம், எங்கள் படிப்பகத்திலேயே, அம்பேத்கர் படத்துக்குக் கீழேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். கெட்டுவிடுமே என்ற அக்கறையில்தான் செய்தோம். அந்த அக்கறைதான் ஐந்து வருடமாக யாரையும் அந்தப் பட்டியலைப் பார்க்க விடவில்லை.

அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டோம். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தானாக எழும் ஒவ்வொரு புரோகிராமின் பெயர், அது என்ன செய்கிறது, நிறுத்தினோமா வைத்தோமா, ஏன், யார் செய்தது என்று எழுத வேண்டும். முதல் வரியில் தங்கையின் கையெழுத்தில், 'இ-கலப்பை. தமிழ் அடிக்க. நிறுத்தாதீர்கள்' என்று இருக்கிறது. அப்டேட் ஆகும்போது சில புரோகிராம்கள் தாமாகவே திரும்பப் பட்டியலில் ஏறிக்கொள்கின்றன. அதனால் மாதம் ஒருமுறை பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் வேறு ஒரு பிள்ளையின் முறை.

இதனால் பழைய கணினி புதிதாகிவிடாது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்றோடு நிறுத்திவிட்டது. அடுத்து லினக்ஸ் போட வேண்டும், முடிந்தால் ஒரு எஸ்எஸ்டி வாங்க வேண்டும். அந்த வேலையையும் கடைக்காரரிடம் கொடுக்கப் போவதில்லை. பிள்ளைகளே செய்வார்கள். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வோம்.

உங்கள் படிப்பகத்தில் மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் கணினி ஏதாவது இருக்கிறதா? இந்த வாரம் திறந்து பாருங்கள். நாற்காலியில் வயதில் சின்னவரை உட்கார வையுங்கள்.

ஜெய்பீம்.