முந்திரிகை விளையும் நிலம்

சிசிலித் தீவின் மர்சாலாத் துறைமுகத்திலே 1860 மே 11 ஆந் திகதி கரிபால்டி தம் வீரருடன் இறங்கினார் என்று வரலாற்று வகுப்பிலே நாம் கற்பித்து வருகிறோம். அதற்கு முன்னரே அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தது முந்திரிகை மது. 1773 இல் ஜோன் வூட்ஹவுஸ் என்ற ஆங்கில வணிகர், கடற்பயணத்திற் கெடாதிருக்கும்பொருட்டு, அவ்வூர் மதுவிலே சாராயங் கலந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்.

மதுவின் பெருமை பேசுவது நம் நோக்கமன்று. ஒரு பயிர் தழைத்ததும் தளர்ந்ததும் அதனை நட்டவரின் வாழ்வை எவ்வாறு பாதித்தன என்பதே நம் கவலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிலொக்சீரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தது. பிரெஞ்சு வணிகர் இத்தாலிய மதுவை நாடவே, சிசிலியிற் கொடிகள் பெருகின. ஆனால் 1880 இல் அப்பூச்சி சிசிலியையும் அடைந்தது. 1888 இல் மூண்ட சுங்கவரிப் போரினாற் பிரெஞ்சுச் சந்தையும் அடைபட்டது. வீழ்ச்சியின் பாரம் எவர் தலையில் விழுந்தது? உழைத்தவர் தலையிலேதான். அவர்கள் 'பாஷி' என்னும் சங்கங்களாகத் திரண்டனர். 'கட்டு' என்பது அச்சொல்லின் பொருள். பிற்காலப் பாசிசத்துக்கும் அவற்றுக்கும் உறவில்லை. தாமும் சிசிலியரான பிரதமர் கிறிஸ்பி 1894 சனவரியிற் படையனுப்பி அவற்றை நசுக்கினார்.

அமெரிக்கக் கொடியின் வேரிலே உள்ளூர்க் கொடியை ஒட்டிப் பயிரைப் பிழைக்க வைத்தனர். ஆயின் நில உறவு மாறவில்லை. சிசிலி மது பீப்பாய்களில் வடக்கே சென்று, தன் பெயரிழந்து, பிற மதுக்களுக்கு வலுவூட்டியது.

நிலங் கேட்டவருக்குக் கிடைத்ததோ துப்பாக்கிச் சூடு! 1947 மே தினத்தன்று போர்த்தெல்லா தெல்லா ஜினெஸ்திராவிற் கூடிய உழவர்மீது கொள்ளைக் கூட்டத்தினர் சுட்டதிற் பதினொருவர் மாண்டனர். 1948 மார்ச்சிலே கொர்லியோனேயின் தொழிற்சங்கவாதி பிளாச்சிதோ ரிசொத்தோவை மாபியா கொன்றது. 1982 ஏப்ரலிற் கம்யூனிஸ்டுத் தலைவர் பியோ லா தோரே கொல்லப்பட்டார். மாபியாச் சொத்தைப் பறிமுதல் செய்ய அவர் முன்வைத்த சட்டம் அவர் மறைந்தபின், அவ்வாண்டு செப்டெம்பரில் நிறைவேறியது. மக்களிடம் திரட்டிய கையொப்பங்களின் பலத்தால் 1996 இல் வந்த 109 ஆம் இலக்கச் சட்டம், அந்நிலங்களைச் சமூகப் பணிக்கு வழங்க வழிசெய்தது.

2001 இல் ரிசொத்தோவின் பெயரிலே ஒரு கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. மீட்கப்பட்ட நிலத்து முந்திரிகையிலிருந்து வடிக்கப்படும் மதுவுக்குச் 'சென்தோபாசி', அதாவது 'நூறு அடிகள்' என்று பெயர். 1978 இல் மாபியாவாற் கொல்லப்பட்ட இளைஞர் பெப்பினோ இம்பஸ்தாத்தோவின் வீட்டுக்கும் மாபியாத் தலைவனின் வீட்டுக்கும் இடையிலிருந்த தூரத்தை அப்பெயர் குறிக்கின்றது.

சிசிலி மதுவின் மறுமலர்ச்சி பற்றி மணமும் சுவையும் அறிந்தோர் வியந்து எழுதுகின்றனர். எழுதட்டும். நாம் கேட்பது வேறு: நிலம் இன்று எவர் கையில் உளது? கூட்டுறவுகள் பெற்ற நிலம் அத்தீவின் தோட்டப் பரப்பிலே சிறுதுளிதான். எனினும், உழவரைக் கொன்றோரின் நிலத்திலே கொல்லப்பட்டவரின் பெயரால் இன்று அறுவடை நடக்கின்றது. மறுமலர்ச்சி என்னும் சொல்லை இதற்கே நாம் வழங்குவோம்.