பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டில்



ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்த முதல் வாரத்தில் எங்கள் மக்தபின் வாசலுக்கு இரண்டு விதமான தாய்மார்கள் வருவார்கள். "பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டோம் ஆலிமா, இனி ஓதவும் அனுப்பிவிடுகிறோம்" என்பவர் ஒருவர். "காலை ஏழேகாலுக்கே வேன் வந்துவிடுகிறது ஆலிமா, இனி அனுப்புவதற்கில்லை, பெயரை எடுத்துவிடுங்கள்" என்பவர் மற்றொருவர். (நான் பெற்றிருப்பது இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் மட்டுமே. ஆனால் எங்கள் ஊரில் ஓதிக்கொடுக்கும் பெண்கள் எல்லோருமே ஆலிமாதான்.) பதினெட்டு ஆண்டுகளாக இவ்விரு பேச்சையும் கேட்டு வருகிறேன். இருவருக்கும் நான் சொல்வது ஏறக்குறைய ஒன்றே என்பதால், வாசலில் நின்று சொல்ல நேரமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நம் வீடுகளில் 'பள்ளி' என்றால் அது பள்ளிவாசல். படிக்கும் இடம் 'பள்ளிக்கூடம்', அல்லது 'ஸ்கூல்'. "நாளை முதல் நீ பள்ளிக்குப் போகிறாய்" என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி சொன்னபோது, என் தங்கையின் மகன் உள்ளே ஓடித் தன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். அவன் அறிந்த பள்ளி, அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை போய்வரும் இடம். அங்கே அழுதால் தூக்கிக்கொள்ள அத்தா இருப்பார். விசேஷ நாள்களில் திரும்பும்போது கையில் நார்சாவும் இருக்கும். மறுநாள் அவன் போய்ச் சேர்ந்த இடத்தில் இரண்டும் இல்லை. மூன்றரை வயதில் ஒரு பிள்ளை இத்தகைய திகைப்பைத் தாங்குகிறது என்பதைப் பெரியவர்களாகிய நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஆயினும் பிள்ளையின் அழுகை பெரும்பாலும் சில வாரங்களில் ஓய்ந்துவிடுகிறது. புது நண்பன் கிடைக்கிறான், 'மிஸ்' சொன்னதே வேதவாக்காகிறது. வீட்டில் மிஞ்சியிருப்பவர்களின் நிலையைத்தான் யாரும் கேட்பதில்லை.

வேன் திரும்பிச் சென்றதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுத இளம் தாய்மார்கள் பலரை நான் அறிவேன். அவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "இதற்குப் போய் அழுவார்களா? அல்லாஹ்வின் மீது தவக்குல் வேண்டாமா?" இவ்வாறு பேசுவோர் குர்ஆனை நிறுத்தி நிதானமாக ஓதவில்லை என்றே நான் எண்ணுகிறேன். யூசுஃப் (அலை) அவர்களை விளையாட அழைத்துச் செல்லப் பிள்ளைகள் கேட்டபோது, அவரை அவர்கள் கொண்டுபோவதே தமக்குக் கவலை தருகிறது என்பதை யஃகூப் (அலை) அவர்கள் மறைக்கவில்லை. இறைத்தூதர் ஒருவர் சொன்ன அந்தச் சொல்லை அல்லாஹ் நமக்கு ஓதவும் தந்திருக்கிறான். பிரிவின் கவலையும் தவக்குலும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும்.

ஸூரா அல்கஸஸில் வரும் மூஸா (அலை) அவர்களின் தாயாரைப் பாருங்கள். குழந்தையை ஆற்றில் விடுமாறு அவருக்கு அறிவித்தவன் அல்லாஹ். திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதாக வாக்களித்தவனும் அவனே. அப்படிப்பட்ட வாக்கு கையிலிருந்தும் அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டது என்று குர்ஆன் கூறுகிறது. அல்லாஹ் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, உள்ளத்தை உறுதிப்படுத்தினான். நம் தாய்மார்களிடம் இருப்பதோ வேன் ஓட்டுநரின் கைப்பேசி எண் மட்டும்!

அதற்கடுத்து அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர் பின்தொடர்ந்து ஓடவில்லை. மூஸாவின் சகோதரியை அனுப்பினார். அந்தச் சிறுமியும் பிறர் அறியாதவாறு ஒதுங்கி நின்று பார்த்தாள். வகுப்பறையின் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மார்களிடம் நான் இதைத்தான் நினைவூட்டுவேன். அம்மாவின் முகம் சன்னலில் தெரியும்வரை பிள்ளையின் அழுகை அடங்காது. அதே பள்ளிக்கூடத்தில் படிக்கும் அக்காள் ஒருத்தி, இடைவேளையில் எட்டிப் பார்த்துவிட்டு மாலையில் வந்து "சாப்பிட்டான்மா, ஊஞ்சலில் ஆடினான்" என்று சொன்னால் போதும். ஆனால் தம்பி அழும்போதெல்லாம் அவளை வகுப்பிலிருந்து அழைத்து வரச் சொல்லும் வழக்கம் சில பள்ளிக்கூடங்களில் உண்டு. அதற்குப் பெற்றோர் இணங்கக் கூடாது. எட்டு வயதுப் பெண்பிள்ளையும் பிள்ளைதான்.

இனி மக்தபுக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தையும் மக்தபையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். மக்தபில் ஓதிக்கொடுப்பவளே இவ்வாறு எழுதுவது நிர்வாகத்தில் சிலருக்கு உவப்பாக இராது. சேர்க்கை எண்ணிக்கையை அவர்கள் கேட்கிறார்கள், நானும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் காலை ஏழேகாலுக்கு வீட்டைவிட்டுப் போய், மூன்றரைக்குத் திரும்பி, நான்கரைக்கு மீண்டும் ஒரு பாயில் உட்காரும் நான்கு வயதுப் பிள்ளையை நான் பார்க்கிறேன். 'பே'யின் கீழ் ஒரு புள்ளி என்று சொல்லி முடிக்குமுன் கிதாபின் மேலேயே தலை சாய்ந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையின் மனத்தில் குர்ஆனுடன் தூக்கமும் அதட்டலும் சேர்ந்து பதிவதை நான் விரும்பவில்லை.

தொழுகையைக் கொண்டு பிள்ளைகளை ஏழு வயதில் ஏவுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. அதற்கு முந்திய ஆண்டுகள் பார்த்துப் பழகும் ஆண்டுகள். நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாள் நிறைந்ததும் பிஸ்மில்லாஹ் ஓதவைக்கும் பழக்கம் இந்தியத் துணைக்கண்டத்து முஸ்லிம்கள் பலரிடம் இருந்து வந்தது. அது மார்க்கக் கட்டளை அன்று, வழக்கமே. ஆயினும் அதற்குமுன் ஏட்டைத் தொட வைக்க வேண்டாம் என்று நினைத்த பெரியவர்களின் கணிப்பை நான் மதிக்கிறேன். இன்று இரண்டரை வயதில் 'பிளே ஸ்கூல்' தொடங்கிவிடுகிறது.

மதரஸாக்களின் கல்வியாண்டு வழமையாக ஷவ்வாலில் தொடங்கும். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே ஷவ்வால் ஜூனோடு ஒட்டி வருவது சில ஆண்டுகளுக்கு மட்டுமே. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஒருபோதும் இருந்ததில்லை. காலாண்டு விடுமுறை கழிந்தபின் அழைத்து வாருங்கள். பெயரை எடுக்கச் சொல்பவர்களுக்கும் இதுவே என் பதில்: பெயர் இருக்கட்டும், பிள்ளை பிறகு வரட்டும். அதுவரை உறங்கும்முன் ஓதும் துஆ, உண்ணும்போது பிஸ்மில்லாஹ், இவற்றை வீட்டில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பருவத்திற்கு அதுவே பெரிய பாடம்.

ஒன்றாம் வகுப்புக்கு மேல் நிலைமை வேறு. அரசுத் தொடக்கப் பள்ளியில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எங்கள் மக்தபுக்கும் உதவியது என்றால் நம்புவீர்களா? 2023 ஆகஸ்டில் அது திருக்குவளையில் தொடங்கி மாநிலம் முழுவதும் விரிவடைந்தபின், ஃபஜ்ருக்குப் பிறகு ஓத வரும் பிள்ளைகள் சிலர் இங்கிருந்தே நேராகப் பள்ளிக்கூடம் போய் அங்கே பசியாறிவிடுகிறார்கள். வேனில் போகும் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்த மாற்றத்தில் மிகுதியாக இழப்பவர் யாரென்று கேட்டால், நன்னி என்றுதான் நான் சொல்வேன். எங்கள் தஞ்சைப் பகுதியில் பல குடும்பங்கள் பிள்ளையின் படிப்புக்காகத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ குடிபெயர்கின்றன. நாலுகட்டு வீட்டில் நன்னாவும் நன்னியும் இருவர் மட்டும் தங்குகிறார்கள். பிறந்ததிலிருந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தொட்டில் ஆட்டி வளர்த்தவர் நன்னி. சேர்க்கைப் படிவத்தில் அவருக்குக் கட்டம் இல்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்று தீர்மானிக்கும்போதும் அவரைக் கேட்பதில்லை. குடிபெயர்வது தவறு என்று நான் சொல்லவில்லை. தீர்மானிக்கும் முன் அவரருகில் அமர்ந்து ஒரு வார்த்தை கேட்கலாம். விடுமுறைக்குப் பிள்ளையைத் தனியாக அவரிடம் விட்டுச் செல்லலாம். பிள்ளை 'கிரானி' என்று அழைத்தால் திருத்தலாம். ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார்: "அவன் என்னை மறக்க மாட்டான் ஆலிமா, ஆனா என் பேச்சு அவனுக்குப் புரியாமப் போயிருமோன்னுதான் இருக்கு."

பிறகு, கடல்கடந்திருக்கும் அத்தா. பள்ளிக்கூடம் போகாதவரை பிள்ளைக்கு எல்லா நாளும் விடுமுறையே. சவூதியில் இருப்பவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஜும்ஆ முடிந்து சாவகாசமாகப் பேசுவார். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அது அறுபடுகிறது. இங்கே ஞாயிறு விடுமுறை, அங்கே ஞாயிறு வேலை நாள். அவர் பணி முடிந்து அறைக்கு வரும் இரவு ஏழு மணி நமக்கு ஒன்பதரை. ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை அதற்குள் உறங்கிவிட்டிருக்கும். "பிள்ளை என்னிடம் பேசவே வரமாட்டேன் என்கிறதே" என்று அவர் மனைவியிடம் குறைப்படுவார். அவளும் பகல் முழுதும் ஓய்ந்தவள், அந்தக் குறை அவள் மீது குற்றமாக விழுகிறது. இதை வைத்தே மனத்தாங்கல் முற்றிய குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

என் மாணவி ஒருத்தியின் அத்தா ரியாதில் இருக்கிறார். அவர் இரவில் உறங்கும்முன் ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பிவைக்கிறார். முதலில் ஸலாம், பிறகு அன்று அவர் கண்டது ஏதாவது: சுவரில் இருந்த பூனை, மணல் காற்று, சமையலறையில் கருகிய ரொட்டி. இறுதியில் ஒரு கேள்வி. காலையில் தாய் தலை வாரிவிடும்போது அதை ஒலிக்க விடுகிறார். பிள்ளை பல் துலக்கிய ஈர வாயோடு அந்தக் கைப்பேசியைப் பார்த்து உரக்கப் பதில் சொல்கிறாள். பதில் அப்போதே அத்தாவுக்குக் கேட்காது என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. தாய் அதைத் தனியே பதிவு செய்து அனுப்பிவிடுகிறார்.