'தஞ்சை' என்னும் சொல் செல்லும் வழி

காவிரிப் பாசனத்தில் வளர்ந்த எமக்கு வரப்பின் அருமை தெரியும். அடுத்த வயலுக்கு நீர் விடவேண்டின் வரப்பை வெட்டுவாரில்லை, மடையைத் திறப்பர். கணிப்பொறியினுள்ளும் இவ்வழக்கமே நிலவுகின்றது. ஒரே பொறியில் ஓடும் நிரல்கள் ஒன்றன் நினைவகத்துள் மற்றொன்று புகாதவாறு இயங்குதளம் வரப்பிட்டு வைத்துளது. எனினும் அவை தம்முள் பேசாமல் காரியம் நடவாது.

இதற்கு எடுத்துக்காட்டு எம் விரல்நுனியிலேயே உளது. இம்மலருக்கு யாம் லினக்ஸ் பொறியில் தட்டச்சிடுகின்றோம். 1999-இல் வகுக்கப்பெற்ற தமிழ்99 முறையில் 'தஞ்சை' என எழுத த, ஞ, ச, ஐ என்னும் நான்கு விசைகளே போதும். ஞகரத்தின்பின் சகரம் வரக்கண்டு புள்ளி தானே விழும். அப்புள்ளியை இடுவது யார்? யாம் எழுதும் ஏட்டுநிரலன்று. ஐபஸ் என்னும் ஏற்பாட்டின்கீழ்த் தனியே இயங்கும் வேறொரு நிரல். ஒவ்வொரு விசையும் அதனிடம் சென்று எழுத்தாய்த் திரும்புகின்றது. ஏட்டுநிரல் ஒவ்வொன்றும் தனித்தனியே தமிழ் கற்கவேண்டுமெனின், நம் மொழி எத்தனை வாயில்களில் காத்துக்கிடக்கும்!

இப்போக்குவரத்துக்குரிய மடை, 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் அமைந்த உள்ளூர்ச் சாக்கெட்டு ஆகும். ஆயின் அதன் ஓடைவகையில் செய்தி எங்கே முடிகிறது என்னும் குறியில்லை. ஆற்றுநீரில் எவர் கோடு கிழிப்பர்? யாம் இரண்டு சிறு நிரல்களை எழுதி, இச்சொல்லை வெறும் பைட்டுகளாக அனுப்பிப் பார்த்தோம். யுடிஎஃப்-8 முறையில் 'தஞ்சை' 15 பைட்டுகள். வாங்குவோன் பத்துப் பத்தாகப் படிக்கவே, முதற்பங்கில் 'தஞ்' என்பதும் சகரத்தின் மூன்றிலொரு பங்கும் மட்டுமே கிடைத்தன. மூன்றிலொரு சகரத்தை எவ்வாறு வாசிப்பது?

இங்கேதான் நூலகம் துணைசெய்கின்றது. (நூலகம் என்றது ஈண்டு ஏட்டுச்சாலையை அன்று, பிறர் எழுதிவைத்த நிரல்தொகுதியை.) ஐபஸ் கையாளுவது டி-பஸ் என்னும் செய்திமுறை. அதற்குரிய ஜிடிபஸ் 2010-இல் ஜிலிப் 2.26 நூலகத்தில் சேர்ந்தது. செய்தியின் தலைப்பிலேயே உடலின் நீளமும் வரிசையெண்ணும் அமைகின்றன. எவ்வினாவுக்கு விடையென்பதை விடையும் தாங்கி வரும். ஆதலின் செய்தி முழுதாகவே கைக்கு வருகின்றது.

நூலகத்தால் தீராத தொல்லையும் ஒன்றுண்டு. விடை வருமளவும் ஏட்டுநிரல் வாளா நிற்பின், மறுபுறத்து நிரல் சற்றே தயங்கினும் திரை உறைந்துவிடும். நில்லாது மேற்செல்லின், எழுத்துகளின் வரிசை பிறழாமற் காப்பது நிரலெழுதுவோன் கடன். எமக்கு இரண்டாவதே உவப்பு. தலைமடையில் நீர் திறந்த செய்தி கேட்ட உழவன் அது கடைமடை வந்துசேருமளவும் கைகட்டியா நிற்கின்றான்?

ஐயமுடைய நண்பர்கள் எம் கணிப்பொறிக் கூடத்துக்கு வருக. பத்தாம் பைட்டில் முறியும் தஞ்சையைக் கண்ணாரக் காட்டுவோம்.