வேலிப் பொட்டு

உடுவிலில் எங்கள் வளவின் பின்வேலியில் ஒரு பொட்டு இருந்தது. கிளுவங் கதியால்களுக்கிடையே ஓலை விலகி, ஓர் ஆடோ ஒன்பது வயதுப் பிள்ளையோ குனிந்து நுழையக்கூடிய அளவில் அமைந்த வழி அது. அதனை யார் உண்டாக்கினார் என்பது எவருக்கும் தெரியாது. ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது அவ்விடத்தில் மட்டும் அம்மப்பா ஓலை வைத்துக் கட்டாது விட்டுவிடுவார். பெரியவர்கள் படலையால் வந்தனர், போயினர். நாங்கள் பொட்டால் வந்தோம், போனோம். பொட்டுக்கு அப்பால் வெளிநாட்டிலிருந்த ஒருவரின் பனங்காணி; பனங்காணிக்கு அப்பால், வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த முகாம்.

கலைப்பீடத்திலே கல்வியியல் பாடத்திற் குழந்தை வளர்ச்சி பற்றிப் படிக்கும்போது, உடல் வளர்ச்சி, உள வளர்ச்சி, மனவெழுச்சி வளர்ச்சி, சமூக வளர்ச்சி எனத் தலைப்பிட்டுக் குறிப்பெழுதிக்கொண்டோம். அத்தலைப்புகளுள் எதனிலும் அடங்காமல் அந்தப் பொட்டே என் நினைவில் வந்து நின்றது. பரீட்சைக்கு எழுத முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எமது ஊர் கல்வியாற் பெயர்பெற்றது. 1824ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிசனரிமார் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையொன்றைத் தொடங்கிய ஊர் இது. அண்மையில் மருதனார்மடத்திலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் நிறுவிய பெண்கள் கல்லூரியும் உண்டு. இப்பெருமை எங்களுக்கு நிறைய உண்டு. ஆனால் கல்வியை எவ்வளவுக்குப் போற்றினோமோ அவ்வளவுக்கு விளையாட்டை அதன் பகையாகக் கருதினோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 'விளையாட்டுப் பிள்ளை' என்றால் பொறுப்பற்றவன். 'விளையாடுறியோ?' என்பது கேள்வியன்று, அதட்டல். இறைவன் செய்தால் அது திருவிளையாடல். பிள்ளை செய்தாற் குழப்படி.

எங்கள் பழைய இலக்கியம் இவ்வாறு கருதவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. பிள்ளைத்தமிழின் பருவ வகுப்பை நோக்குவோம். ஐந்தாம் மாதத்திலே கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வாரானை. குழந்தையின் உடல் எந்த ஒழுங்கில் வலுப்பெறுகிறதென்பதை அறிந்தவர்களே இவ்வாறு வகுத்திருக்க முடியும். அம்புலிப் பருவத்திலே, பாட்டுடைத் தலைவன் கடவுளாயினும் அரசனாயினும், அவனோடு ஆட வருமாறு நிலா அழைக்கப்படுகிறது. எல்லாம் உடைய குழந்தைக்கும் கூட விளையாட ஓர் ஆள் வேண்டும் என்று அப்புலவர்கள் கண்டிருந்தனர். இன்னொன்றையும் அவர்கள் அறியாமலே பதிந்து வைத்துள்ளனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் சிற்றில் சிதைத்தலும் சிறுபறை முழக்கலும் சிறுதேர் உருட்டலும். பெண்பாலுக்கோ அம்மானையும் நீராடலும் ஊசலும். மணல்வீடு கட்டுபவர் யார், காலால் அதனை அழிப்பவர் யார் என்பது மூன்று வயதுக்குள்ளேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

மேனாட்டு அறிஞருள் பியாசே என்னைக் கவர்ந்தமைக்குக் காரணம் அவர் போளை விளையாட்டை ஆராய்ந்தமையே. 1932இல் வெளிவந்த நூலிலே, சுவிற்சர்லாந்துச் சிறுவர்கள் போளை அடிப்பதைப் பார்த்தும் விதிகளைப் பற்றி அவர்களிடம் வினவியும் அவர் கண்டவற்றைக் கூறுகிறார். சிறு பிள்ளைகள் விதிகளைப் பெரியவர்கள் தந்த, மாற்றவொண்ணாத கட்டளைகளாகக் கொள்கின்றனர். பத்து வயதளவில், விதி என்பது நாம் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒன்று, எல்லோரும் இசைந்தால் அதனை மாற்றலாம் என்பதைக் கண்டுகொள்கின்றனர். இக்கண்டுபிடிப்பை எந்த ஆசிரியரும் கற்பிக்க முடியாது. ஒத்த வயதினரோடு சண்டையிட்டும் சமாதானமாகியுமே அதனைப் பெறவேண்டும். விளையாட்டிலே குழந்தை தன் அன்றாட அளவை விட ஒரு தலை உயர்ந்து நிற்கிறது என்று வைகொட்ஸ்கி கூறியதும் ஏறத்தாழ இதனையே. அவிழ்த்துவிட்டால் ஓடும் பிள்ளை, கிளித்தட்டிலே தன் கோட்டை விட்டு விலகாமல் நிற்கிறது. யாரும் அதனைக் கட்டி வைக்கவில்லை.

பனங்காணியில் நாங்கள் விளையாடியதும் பெரும்பாலும் கிளித்தட்டுத்தான். சாம்பலாற் கோடு கீறுவோம். கோட்டுக்கு ஒருவர் மறிக்க, நடுக்கோட்டிலே கிளி ஓட, மற்றக் கட்சியார் அடிபடாமல் ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டிக் கடைசிக் கோடு கண்டு திரும்பவேண்டும். இவ்விளையாட்டுக்குப் பணம் வேண்டாம், கருவி வேண்டாம், ஆள் வேண்டும். ஓர் ஆள் குறைந்தால் ஒரு கோடு காவலின்றிப் போகும். ஆகவே ஆட்களை எண்ணுவதே எங்கள் முதல் வேலை. உடுவிற் பிள்ளைகள் நால்வர், முகாமிற் பிள்ளைகள் நால்வர் என்று எண்ணவில்லை. எட்டுப் பேர் என்றே எண்ணினோம். ஓட மாட்டாத சிறியவன் ஒருவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அவனை அடித்தாலும் அடியில்லை. அவ்விதியை எங்களுக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

எங்களுட் சிறந்த கிளி முகாமிலிருந்து வந்த ஒருத்தி. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவளுடைய ஊர் மயிலிட்டி. ஆனால் அவ்வூரை அவள் கண்டதில்லை. அவளுடைய தாய் முகாமிலே வளர்ந்தவர், அவளோ முகாமிலே பிறந்தவள். கடலுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவிலிருந்த அந்தக் கடற்கரைப் பிள்ளை, எங்கள் செம்மண்ணிலே ஓடப் பழகியிருந்தாள். கண்ணை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் அனுப்பும் வித்தை அவளிடம் இருந்தது. அதனை எனக்குக் கற்றுத் தந்தவள் அவளே. முதன்முதலாக நான் அடிபடாமல் திரும்பி வந்த நாளிலே, எதிர்க்கட்சியில் நின்ற அவளே என்னிலும் உரத்துக் கூவினாள்.

2013ஆம் ஆண்டு, சித்திரை வெயில். விளையாடிக் களைத்து எங்கள் குசினிப் பக்கம் வந்து தண்ணீர் கேட்டோம். அம்மம்மா எனக்குச் செம்பிலே தந்தார். அவளிடம், "ஆற்றை பிள்ளை நீ?" என்று கேட்டார். அவள் தகப்பன் பெயரையும் ஊரையும் சொன்னாள். அம்மம்மா உள்ளே போய், பழைய பிளாஸ்ரிக் கோப்பையொன்றில் தண்ணீர் கொணர்ந்து கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும், அதனை உள்ளே எடுத்துச் செல்லாது, கிணற்றடி மதிலிலே கவிழ்த்து வைத்தார். முகம் கோணவில்லை, கடுஞ்சொல் ஒன்றும் கூறவில்லை. "இன்னும் வேணுமோ பிள்ளை?" என்றும் கேட்டார். அம்மம்மாவைக் கொடியவர் என்று நான் எழுத முடியாது. முகாமிலே நோயுற்றவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி அனுப்பியவரும் அவரே. ஆனால் அந்தக் கோப்பை மதிலிலே இருந்தது. அவள் அதனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் பார்த்ததை நான் பார்த்தேன் என்பதையும் அவள் அறிந்தாள்.

அதன்பின் அவள் எங்கள் வீட்டிலே தண்ணீர் கேட்டதில்லை. தாகமெடுத்தால் முகாமுக்கு ஓடிப்போய்க் குடித்துவிட்டு வருவாள். அவ்வேளையில் ஆட்டம் நின்றுவிடும். "என்ன இவள், எப்ப பார்த்தாலும் ஓடுறாள்" என்று ஒருவன் சினந்தபோது நான் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை வேலி அடைத்தபோது பொட்டிலும் ஓலை ஏறியது. "நாய் பூருது" என்பதே காரணமாகக் கூறப்பட்டது. எங்கள் ஒழுங்கையிலே நாய்கள் படலையாலேயே வந்துபோயின. இரண்டாண்டுகளின் பின் மாமா அனுப்பிய காசிலே வேலியே இல்லாமற் போய், ஆறடி மதில் எழுந்தது. 2017இல் மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலத்திற் சிலவும் விடுவிக்கப்பட்டதன் பின் அவர்களுடைய குடும்பமும் போய்விட்டதாக அறிந்தேன். நான் விடைபெறவில்லை. மதிலைச் சுற்றி ஒழுங்கையாற் போயிருந்தால் ஐந்து நிமிட நடைதான்.

என்னுடைய விளையாட்டும் அதற்குள் முடிந்திருந்தது. 2015இல் எனக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தது. பந்தலும் படப்பிடிப்பும் முடிந்த மறுகிழமை, தம்பிமார் பந்துடன் வெளிக்கிட, என்னிடம் "நீ இனிச் சின்னப் பிள்ளையே?" என்றார்கள். வேறெந்தத் தடையுத்தரவும் தேவைப்படவில்லை. பன்னிரண்டு வயதிலே ஓட்டத்தை நிறுத்திய உடல் என்னவாகும் என்பதைப் பற்றி எங்கள் பாடக்குறிப்புகள் அதிகம் பேசவில்லை.

எமது பிள்ளைகளின் குழந்தைமையைப் பறித்தது போர் என்று மேடைகளிலே கூறுகின்றோம். அது பொய்யன்று. பேராசிரியர் தயா சோமசுந்தரம் தனிமனித மனவடுவோடு நில்லாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து அடையும் கூட்டு மனவடுவைப் பற்றியும் எழுதியுள்ளார். ஆயினும் என் சின்னம்மா கூறுவது வேறு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது அவருக்கு எட்டு வயது. சாவகச்சேரியிலே ஒரு பாடசாலை விறாந்தையில் ஏழு குடும்பங்களோடு படுத்திருந்த நாட்களைப் பற்றி அவர் முதலிற் சொல்வது பசியையன்று. "எவ்வளவு பிள்ளையள் தெரியுமே, விடிஞ்சாப் பொழுதுபட்டா விளையாட்டுத்தான்" என்பதையே. அவர்கள் பங்கர் வெட்டி விளையாடினர். செத்தவீடு நடத்தி ஒப்பாரி வைத்து விளையாடினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலண்டனிலே ஹாம்ஸ்ரெட் குழந்தைகள் இல்லங்களை நடத்திய அன்னா பிராய்டும் டொறொதி பேர்லிங்காமும் இத்தகைய போர் விளையாட்டுகளைக் குறித்து வைத்துள்ளனர். குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்தமையே பிள்ளைகளைப் பெரிதும் வருத்தியது என்பதும் அவர்கள் கண்ட உண்மை. தாயும் தோழரும் பக்கத்திலிருக்க, அச்சத்தையே விளையாட்டாக்கிக் கையாளும் ஆற்றல் பிள்ளைக்கு உண்டு. மட்டக்களப்பிலே 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இதனை நம்பியே தமிழ், முஸ்லிம் ஊர்ப் பிள்ளைகளை ஒரே முற்றத்துக்குக் கொண்டுவந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வாய்த்தது என்று நான் கூறவரவில்லை. தாயையே இழந்தோர் பலர். ஆனால் எங்கள் பின்வளவிலே விளையாட்டை நிறுத்தியது செல்லன்று, ஒரு கோப்பை.

சின்னம்மா இன்று முன்பள்ளி ஆசிரியை. மணலும் தண்ணீரும் கொடுத்தால் தாய்மார் படலையிலே மறிக்கிறார்கள். "ஏன் ரீச்சர், எழுதக் குடுக்கேல்லையோ? மற்றப் பள்ளியிலை ஏபிசிடி முடிஞ்சுதாம்." நாலு வயதிலே தொடங்கும் இவ்வோட்டம் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைவரை மூச்சுவிடாமல் நடக்கிறது. பாடசாலை விட்டதும் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். அங்கும் பிள்ளைகள் நூறுபேராகக் கூடியே இருக்கின்றனர். ஆனால் அருகிலிருப்பவன் தோழனல்லன், வெட்டுப்புள்ளிக்கு மேலே இருப்பவன் அல்லது கீழே இருப்பவன். இன்று சின்னம்மாவிடம் வரும் பிள்ளைகள் பென்சில் பிடிக்கிறார்கள், எழுத்துகளை அறிகிறார்கள். ஊஞ்சலிலே தன் முறை வரும்வரை நிற்க மாட்டாமல் அழுகிறார்கள். 'ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை' என்று கூறும் ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதனை நாங்கள் சரியாக ஒப்புவித்து, இரண்டு புள்ளிகளும் பெற்றோம்.

2022இல் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். மார்ச் மாத முடிவிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. பின்னர் எரிபொருளின்றிப் பாடசாலைகளும் மூடப்பட்டன, ரியூசனும் நின்றது. பெரியவர்கள் எரிபொருள் வரிசையில் நிற்க, கைத்தொலைபேசிகள் உயிரற்றுக் கிடக்க, ஒழுங்கை முடியும் வைரவர் கோயில் முன்றலுக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. சாம்பல் அள்ளிவந்து நான் கோடு கீறினேன். ஏழு பேர். ஓர் ஆள் குறைவு. ஒழுங்கை முகப்பிலே வாடகைக்கு வந்திருந்த குடும்பத்துச் சிறுமி, மின்கம்பத்தைப் பிடித்தபடி தொலைவில் நின்றாள். வா என்று கைகாட்டினேன். உடனே மதிலுக்கு உள்ளேயிருந்து, எனக்கு நன்கு பழகிய குரல் ஒன்று, "ஆற்றை பிள்ளை அது?" என்றது. நான் கேளாதவள்போற் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லியிருக்கலாம், சொல்லத் துணிவில்லை. அவள் வந்து கடைசிக் கோட்டிலே நின்றாள்.

இருட்டும்வரை ஆடினார்கள். விதி பற்றி மூன்று சண்டை, அழுகை ஒன்று. ஏழரை மணியளவில் மின்சாரம் வந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இமைப்பொழுதில் முன்றல் வெறுமையாயிற்று.

மறுநாட் பின்னேரம் சின்னம்மாவின் மகன் வந்தான். ஒன்பது வயது. தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அதனைச் சிறிது நேரம் வெறுப்போடு பார்த்தபின் கேட்டான்:

"அக்கா, இண்டைக்கு எத்தினை மணிக்குக் கறண்ட் போகும்?"