எரிந்த நிலத்தின் வழியே ஒரு பகல்

இந்து சமுத்திரத்தின் தென்மேற்கில், மடகஸ்காருக்குக் கிழக்கே, மொரிசியசுக்கு அண்மையில் ரீயூனியன் என்றொரு தீவு இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீற்றர். எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தை விடச் சற்றே சிறியது. 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டமாக நிர்வகிக்கப்படுகிறது. கடலின் அடியிலிருந்து எரிமலைக் குழம்பு பொங்கிப் பொங்கி உறைந்தே அந்தத் தீவு முழுவதும் உண்டானது. அங்கே பெரிய எரிமலைகள் இரண்டு. 3,070 மீற்றர் உயரமான ஒன்று நெடுங்காலமாக உறங்குகிறது. மற்றது 2,632 மீற்றர்; எங்கள் பிதுருதலாகலையை விடவும் உயரம். அது உறங்கவில்லை. உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்றாக அதனைக் கணிக்கிறார்கள். அதன் பிரெஞ்சுப் பெயருக்கு ‘உலை மலை’ என்று பொருள் கொள்ளலாம். நானும் அப்படியே சொல்கிறேன்.

சென்ற வருடம் ஒக்டோபரில் சமூகப் பணியாளர்களுக்கான ஒரு பயிற்சிக்காக அங்கே போகக் கிடைத்தது. இலங்கையிலிருந்து நாங்கள் இருவர். என்னோடு வந்தவர் புதுக்குடியிருப்பைச் சேர்ந்த வெளிக்கள உத்தியோகத்தர். கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகளின் தாய். என்னை விடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அவரை நான் ‘அக்கா’ என்பேன், அவர் என்னைப் ‘பிள்ளை’ என்பார். பயிற்சி பற்றி எழுத அதிகமில்லை. அது முடிந்த மறுநாள் உலை மலைக்கு நடந்து போனோமே, அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

காலை நான்கு மணிக்கே வான் வந்துவிட்டது. மலையில் பத்து மணிக்குப் பிறகு முகில் மூடிவிடுமாம், அதனால்தான் இந்த அவசரம். ஒன்பது பேர் போனோம், ஏழு பேர் பெண்கள். வழிகாட்டியும் ஒரு பெண். ஐம்பதைத் தாண்டிய வயது, எங்கள் நிறம், எங்கள் முகவெட்டு. பெயரின் பின்பாதி தமிழ். ஆனால் தமிழில் ஒரு சொல்லும் பேசவராது. மொரிசியசிலிருந்து வந்திருந்த ஒரு தோழி அவர் பேச்சை ஆங்கிலத்தில் சொல்ல, நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

கரையோரமெல்லாம் கரும்புத் தோட்டம். ஒரு மணித்தியாலம் மேலேறியதும் கரும்பு போய், பசும்புல் வெளியும் கறுப்பு வெள்ளை மாடுகளும் வந்துவிட்டன. நுவரெலியாவுக்கு அப்பால் அம்பேவெலப் பக்கம் போனவர்கள் கண்ணை மூடி நினைத்துப் பார்க்கலாம். அந்த மேட்டுநிலத்தில்தான் எரிமலையைக் கவனிக்கும் நிலையம் இருக்கிறது. 1979இல் தொடங்கியது. நிலம் நடுங்குவதையும் மலை வீங்குவதையும் இரவும் பகலும் அளந்துகொண்டிருப்பார்களாம். மலை வெடிக்கப்போகும் அறிகுறி கண்டால் உடனே அரச அதிகாரிக்கு அறிவிப்பு, நடைபாதைக்குப் பூட்டு. “எத்தனை மணித்தியாலத்துக்கு முதல் சொல்லுவினம்?” என்று அக்கா கேட்டார். சில வேளை நாட்கணக்கில், சில வேளை ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாக என்று பதில் வந்தது. அக்கா தலையை ஆட்டினார். முன்கூட்டிச் சொல்ல ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

புல்வெளிக்கு மேலே குட்டையான பற்றைக்காடு. பிறகு ஒரு வளைவைத் தாண்டியதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். மரமில்லை, புல்லில்லை. செம்மண்ணும் கருமண்ணும் கலந்த நிறத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்வெளி. அதற்கு ‘மணற் சமவெளி’ என்றே பெயர். உண்மையில் அது மணலல்ல, எரிமலை கக்கிய கற்களின் பொடி. கையில் எடுத்தால் சிறு துளைகளோடு பாரமில்லாமல் இருக்கும். அந்த வெளியைக் குறுக்கறுத்துப் போகும் கரடுமுரடான பாதையில் வான் குலுங்கிக் குலுங்கிப் போய், 2,311 மீற்றர் உயரத்தில் ஒரு மலை விளிம்பில் நின்றது.

அங்கிருந்து நடை. குளிர் பல்லைக் கிட்டிக்கவைத்தது. கீழே நூறு மீற்றருக்கும் அதிகமான செங்குத்துச் சுவர். அதன் அடியில் பல கிலோமீற்றர் அகலத்துக்குக் கரிய பாறைவெளி, நடுவில் உலை மலை. சுவரில் இறங்க ஐந்நூறுக்கும் அதிகமான படிகள் வெட்டியிருக்கிறார்கள். படி தொடங்கும் இடத்தில் ஒரு இரும்புக் கதவும் எச்சரிக்கைப் பலகையும். மலை வெடித்தால் அந்தக் கதவைப் பூட்டிவிடுவார்கள். வழிகாட்டி எங்களை நிறுத்திவைத்து, பாறையில் வெள்ளை மை பூசிய அடையாளங்களைக் காட்டினார். ‘இந்த வெள்ளைப் புள்ளியை விட்டு ஒருவரும் விலகக்கூடாது. மேலே உறுதியான பாறை போலத் தெரியும், உள்ளே வெறும் கூடாக இருக்கும், காலை வைத்தால் உடைந்து இறங்கும். முகில் மூடினாலும் இந்தப் புள்ளிகள்தான் வழி’ என்றார்.

அக்கா என் கையைப் பிடித்தார். “என்ன பிள்ளை, இங்கையும் மிதிவெடியோ?”

நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். ஆனால் இறங்கிய பிறகு அவர் நடந்ததைப் பின்னால் நின்று பார்த்தேன். வழிகாட்டி காலை எடுத்த இடத்திலேயே தன் காலை வைத்தார். ஒரு அடி இடமோ வலமோ இல்லை. மீள்குடியேறிய காலத்தில், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளுக்கு நடுவே விறகுக்கும் தண்ணீருக்கும் போய்வந்த எங்கள் பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான் நடந்தார்கள். மற்ற நாட்டுத் தோழிகள் அடிக்கொருதரம் தடுமாறினார்கள். அக்கா ஒருமுறையும் தடுமாறவில்லை.

பாறைவெளியைத் தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே கறுப்பு. நடந்து பார்த்தால் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு விதம். ஓரிடத்தில் பிசைந்த மாவை முறுக்கி விட்டது போல, தடித்த கயிற்றுச் சுருள்களாக உறைந்திருக்கிறது. இன்னோரிடத்தில் உழுத வயலின் மண்கட்டிகள் போல, சப்பாத்தைக் கிழிக்கும் கூரோடு குவிந்திருக்கிறது. மெதுவாக, வழுவழுப்பாக ஓடினால் முதலாவது விதம், மேற்பரப்பு உடைந்து உடைந்து நகர்ந்தால் இரண்டாவது விதம் என்றார்கள். வழியில் ஒரு சின்னக் கூம்புக் குன்று, துருப்பிடித்த நிறம். 1753இல் உண்டானது. குழியானைப் பூச்சியின் பெயரைத்தான் லத்தீனில் அதற்கு வைத்திருக்கிறார்கள். மணலில் கிண்ணம் போலக் குழி தோண்டி எறும்பு விழக் காத்திருக்குமே, அதேதான். மேலிருந்து பார்த்தால் அச்சாக அந்தக் குழிதான். சின்ன வயதில் திண்ணை ஓரத்தில் குழியானை பிடித்து விளையாடியவர்களுக்கு அந்தப் பெயர் உடனே பிடித்துப்போகும்.

மலைச்சரிவில் ஏறும்போது மூச்சு முட்டியது. விளிம்பை அடைய மூன்று மணித்தியாலம் ஆனது. எரிமலை வாய் ஒரு கிலோமீற்றர் அளவு அகலம். 2007 ஏப்ரலில் பெரிய வெடிப்பு ஒன்று நிகழ்ந்து, மலையின் உள்ளிருந்த குழம்பெல்லாம் கீழ்ப்பக்கத்தால் வெளியேறியபோது, மேலே தாங்க ஒன்றுமில்லாமல் வாயின் அடித்தளம் 300 மீற்றருக்கும் மேல் இறங்கிவிட்டதாம். விளிம்பில் கட்டிய கயிற்றுக்கு இப்பால் நின்று எட்டிப் பார்த்தோம். அடியில் ஒரு பக்கமாக வெண்புகை. சுவர்களில் இருந்து சிறு கற்கள் உருளும் சத்தம் இடைக்கிடை கேட்டது. ஒரு நாளும் பார்க்காத காட்சிதான். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தப் பெரிய பள்ளத்தை விட, திரும்பும் வழியில் வழிகாட்டி குனிந்து காட்டிய ஒரு சின்னப் பொருளே என் மனதில் நின்றது. கறுப்புப் பாறையில் சாம்பல் நிறத்தில், பவளப்பூண்டு மாதிரி, விரல் நகமளவு ஒரு பாசி. எரிந்த பாறையில் முதலில் வருவது அதுதானாம். அது பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, தான் செத்து, ஒரு பிடி மண்ணாகும். அதில் பன்னம் வரும். பன்னத்தின் பிறகு பற்றை. மேலே குளிர் என்பதால் எல்லாம் தாமதம். ‘கீழே கடற்கரையில் மழையும் சூடும் அதிகம், அங்கே இது வேகமாக நடக்கும். பின்னேரம் காட்டுகிறேன்’ என்றார்.

படியேறி வந்து, வானின் பக்கத்தில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு. வழிகாட்டி வீட்டிலிருந்து கொண்டுவந்த சோறு, பருப்பு, கோழிக்கறி, தக்காளிச் சம்பல் மாதிரி ஒன்று. கறியை அவர்கள் ‘கரி’ என்றே சொல்கிறார்கள். கறியில் கிடந்த இலையைக் காட்டிக் கேட்டேன். ‘கலுப்பிலே’ என்றார். கறிவேப்பிலை! முருங்கை இலைக்கு ‘முருங்’ என்றே சொல்கிறார்கள். மொழி முழுவதும் போய்விட்டது, அடுப்படிச் சொற்கள் மட்டும் தங்கிவிட்டன. அவற்றை வைத்திருந்தவர்கள் யாரென்று சொல்லத் தேவையில்லை.

அந்தத் தீவில் 1848 டிசம்பர் 20இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோரைக் கொண்டுபோனார்கள். மிகப் பலர் தமிழர். எங்கள் மலையகத்துக்கு வந்தவர்களின் கதைக்கு அது தங்கச்சி முறை. ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு இலக்கம். வழிகாட்டியின் பாட்டனின் தகப்பனுக்கும் ஒரு இலக்கம் இருந்தது. அதை எழுதிய கடதாசியைப் பையில் இருந்து எடுத்து, ஊர்ப்பெயர் என்று எழுதியிருப்பதை வாசிக்கமுடியுமா என்று எங்களிடம் நீட்டினார். பிரெஞ்சு எழுத்தில் காதால் கேட்டு எழுதிய பெயர். நானும் அக்காவும் பலவிதமாக வாசித்துப் பார்த்தோம். எந்த ஊரென்று பிடிபடவில்லை. அக்கா கடதாசியை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். அவரிடமும் வீட்டில் ஒரு கோவை இருக்கிறது. முறைப்பாட்டு இலக்கங்கள், திகதிகள், அண்ணனின் பெயர். சில தலைமுறை கழித்தும் ஒரு பெண் ஒரு இலக்கத்தைப் பையில் கொண்டு திரிகிறாள் என்பதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

வழிகாட்டி எங்களிடம் வேறொன்றும் கேட்டார். 2018 தொடக்கம் சில வருடங்கள் இலங்கையிலிருந்து மீன்பிடிப் படகுகளில் ஆட்கள் அந்தத் தீவுக்கு வந்தார்களே, அவர்கள் ஏன் வந்தார்கள் என்று. பெண்களும் பிள்ளைகளும்கூட வந்தார்களாம். பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் கடல். அந்தக் கேள்விக்கு அக்காதான் பதில் சொன்னார். மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பின்னேரம் தீவின் கிழக்குக் கரைக்கு இறங்கினோம். மழை. பச்சை என்றால் அப்படியொரு பச்சை. 1977 ஏப்ரலில் குழம்பு வழமையான பள்ளத்தை விட்டு வெளியே பாய்ந்து, அங்குள்ள ஒரு ஊருக்குள் புகுந்தது. பல வீடுகள் போய்விட்டன. ஊரவர்களை முதலிலேயே வெளியேற்றிவிட்டதால் ஒரு உயிரும் போகவில்லை. தேவாலயத்தின் வாசல் வரை வந்த குழம்பு இரு பக்கமும் பிரிந்து சுற்றிப் போய்விட்டது. அந்தக் கறுப்புப் பாறையை இன்றும் தேவாலயச் சுவரோடு தொட்டுப் பார்க்கலாம். மேலே நாங்கள் கண்ட கவனிப்பு நிலையம் இந்த வெடிப்பின் பிறகே உருவானது. வழிகாட்டி அப்போது சிறுமி. அவரது மாமியின் வீடு போனது.

“ஆக்கள் திரும்பி வந்தவையோ?” அக்காவின் கேள்வி.

‘வந்தோம். மாமி பாறைக்குப் பக்கத்திலேயே வீடு கட்டினா. வேறெங்கே போவது?’

சிலர் இதைக் கேட்டவுடன், எரிமலையும் போரும் ஒன்றுதான், எல்லாம் மீண்டும் துளிர்க்கும் என்று பேசத் தொடங்குவார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். மலைக்கு யாரோடும் பகையில்லை. யாரும் கட்டளையிட்டு அது வெடிப்பதில்லை. அதற்கெதிராக முறைப்பாடு கொடுக்கவும் எவருக்கும் தேவையில்லை. ஆனால் அந்தக் கரையோர வீதியில் கண்ட ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். குழம்பு ஓடிய ஒவ்வொரு இடத்திலும் வீதியோரம் ஒரு பலகை, அதில் ஓடிய ஆண்டு. 2007 என்ற பலகைக்குப் பின்னால் பரந்த கறுப்பு வெளி, அதன் வெடிப்புகளில் பன்னமும் இளஞ்செடிகளும். பழைய ஆண்டுப் பலகையிடம் போகப் போகச் செடி பற்றையாகி, பற்றை மரமாகிறது. வீதியைக் குழம்பு மூடும் ஒவ்வொரு முறையும் மேலேயே புதிதாக வீதி போட்டு, பலகையும் நட்டுவிடுவார்கள். இந்த நிலம் இந்த வருடம் எரிந்தது என்று வெளிப்படையாக எழுதிவைக்க அங்கே யாரும் தயங்குவதில்லை. எங்கள் பக்கத்தில் எந்தக் காணியில் எப்போது என்ன நடந்தது என்பது பெண்களின் ஞாபகத்திலே கிடக்கிறது. 2007 பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொல்லி அக்கா கேட்டார். அவருடைய மூத்த மகன் பிறந்த வருடம் அது.

கடைசியாக, பழைய குழம்பு உறைந்து காடான ஓரிடத்தில் வனிலாத் தோட்டம் பார்த்தோம். தோட்டம் என்றாலும் மரங்களில் படர்ந்த கொடிதான். வனிலாப் பூ ஒரு காலை மட்டுமே விரிந்திருக்கும். அந்த மண்ணில் அதற்கேற்ற வண்டு இல்லாததால் கையால்தான் மகரந்தம் சேர்க்கவேண்டும். அந்த முறையை 1841இல் கண்டுபிடித்தவன் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். அந்த வேலையைப் பெண்களே அதிகம் செய்கிறார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சில் ‘கலியாணம் செய்துவைப்பவர்கள்’ என்று பெயர். கைபழகியவர் ஒரு காலையில் ஆயிரம் பூவுக்கு மேல் முடிப்பாராம். காய் முற்ற ஒன்பது மாதம்.

நாங்கள் போனபோது அன்றைய பூக்கள் வாடிவிட்டன. வழிகாட்டி ஒரு வாடிய பூவைப் பறித்து, ஒரு முள்ளால் உள்ளிருக்கும் மெல்லிய தோலைத் தூக்கி, பெருவிரலால் அழுத்திக் காட்டினார். அக்கா இன்னொரு பூவை வாங்கி, முள்ளையும் வாங்கி, இரண்டாம் தரத்திலேயே சரியாகச் செய்துவிட்டார். பிறகு என்னிடம் திரும்பி, “கேள் பிள்ளை, கொடி நட்டு எத்தனை வருசத்தில பூக்கும்? நிழல் எவ்வளவு வேணும்? காயைக் காயவைக்கிறது ஆர், அந்தப் பொம்பிளையளோ, முதலாளியோ?” என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். வான் சாரதி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார்.